கடைத் தராசில் 92 கிலோ: இளைத்த பிறகு சோதனைக்குப் போகலாமா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 47. திருவாரூர் பக்கம் ஒரு சிற்றூரில் பதினெட்டு ஆண்டுகளாக உரக்கடை வைத்திருக்கிறேன். கடை தொடங்கும் முன் வயல் வேலையெல்லாம் நானே செய்தவன். அப்போது 64 கிலோ இருந்தேன். சென்ற மாதம் கடைப்பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தேன். 92 கிலோ காட்டியது. உயரம் 168 சென்டிமீட்டர். பேண்ட் அளவு 38. அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் திண்ணையிலேயே இருந்து காலமானார். எனக்கு மருந்துக்கடையில் ஒருமுறை பி.பி. பார்த்ததில் 150/96 என்றார்கள். அன்றிலிருந்து அந்தக் கடைப் பக்கமே போவதில்லை. மனைவி ஒரு லேபில் 'முழு உடல் பரிசோதனை'க்குப் பணம் கட்டிவிட்டார். நான் இரண்டு முறை தேதியைத் தள்ளிவிட்டேன். மூன்று மாதம் காலையில் வேகமாக நடந்து, அரிசியை நிறுத்தி, பத்துப் பதினைந்து கிலோ குறைத்துக்கொண்டு போனால் முடிவும் நன்றாக வரும், மனதுக்கும் தைரியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரிதானே? என்னோடு ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடும் தம்பி (64 கிலோ, என் உயரம்தான்) ஒல்லியாக இருப்பதால் அவனை யாரும் சோதனைக்குப் போகச் சொல்வதில்லை. டிரெட்மில் சோதனையில் ஆபத்து உண்டு என்கிறார்கள், அதைத் தவிர்க்கலாமா? மற்றபடி நன்றாக இருக்கிறேன். மாடிக் கிடங்குக்கு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கி நெஞ்சில் ஒரு பாரம் தெரியும். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். உரக்கடை என்பதை மட்டும் நீக்கவில்லை, உங்களுக்கான பதிலில் பாதி அந்தக் கடைக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் கேட்டவற்றுக்கு வருவதற்கு முன், கேட்காமல் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருப்பதை எடுத்துக்கொள்கிறேன். படி ஏறினால் நெஞ்சில் பாரம், நின்றால் இரண்டு நிமிடத்தில் தணிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதயத் தசைக்கு உழைப்பின்போது தேவைப்படும் இரத்தம் போதாமல் போனால் உடல் காட்டும் அடையாளத்தை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, ஏறக்குறைய இதே சொற்களில்தான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். அது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இரத்தசோகை, நெஞ்செரிச்சல், வெறும் உடல் பருமன் ஆகியவற்றாலும் இப்படித் தோன்றுவதுண்டு. ஆயினும் 47 வயது, 92 கிலோ, ஒருமுறை பார்த்தபோதே உயர்ந்திருந்த இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு ஒரு காலை இழந்த தந்தை என்ற பின்னணியில், இதயம் இல்லை என்று உறுதியாகும் வரை இதயம் என்றே கொள்வதுதான் முறை. ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ நேரில் பார்த்து, எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியை அவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதயப் பிரிவு இருக்கிறது. படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று சொன்னதும் எழுந்து வந்துவிடாதீர்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போது உங்களுக்குத் தொல்லையே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த நேரத்து இ.சி.ஜி.யும் அதையேதான் சொல்லக்கூடும்.

மருத்துவரைப் பார்க்கும் வரை யூரியா மூட்டையைத் தூக்குவதும் மாடிக் கிடங்குக்கு ஏறுவதும் வேண்டாம். காலையில் வேகமாக நடக்கும் திட்டத்தையும் தொடங்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பாரம் வந்து சில நிமிடங்களில் தணியாவிட்டாலோ, வியர்வையோடோ இடது கை, தாடை நோக்கிப் பரவும் வலியோடோ சேர்ந்து வந்தாலோ, வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். நம் பக்கத்தில் சோடா குடித்துக் கழிந்த அந்த அரை மணி நேரத்தால் உயிரை இழந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இளைத்துக்கொண்டு பிறகு சோதனைக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். குறுவைக்கு முன் ஒரு விவசாயி உங்கள் கடைக்கு வந்து, 'முதலில் உரத்தைப் போட்டுவிடுகிறேன், பயிர் பச்சை கட்டிய பிறகு மண் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன், அப்போதுதான் முடிவு நன்றாக வரும்' என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? உரம் இட்ட சூட்டோடு மண் எடுக்கக்கூடாது, எருக்குப்பை கிடந்த இடத்திலும் வரப்போரத்திலும் மர நிழலிலும் எடுக்கக்கூடாது, வயலில் பல இடங்களில் ஆங்கில 'வி' எழுத்துப் போலக் குழி வெட்டி ஆறு அங்குல ஆழம் வரை சுரண்டி எடுத்து, கலந்து, கால்கால் பங்காகக் கழித்து அரைக் கிலோவாக்கிக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள்தான் அவருக்குச் சொல்வீர்கள். வயல் உள்ளபடி எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த உரத்தை எவ்வளவு இடுவது என்று முடிவு செய்ய முடியும். உங்கள் உடலுக்கும் அதே விதிதான். இன்றைக்கு இருக்கிறபடி, இந்த 92 கிலோவோடு, போய் நில்லுங்கள். ஆறு மாதம் கழித்து வரப்போகும் எண் நல்லதா கெட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய எண் வேண்டும்.

சோதனையைப் பள்ளித் தேர்வாக நினைப்பவர்கள் உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்று நாள் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு, முதல் நாள் இரவு பட்டினி கிடந்து, 'இந்தத் தடவை பாஸ் பண்ணிவிட்டேன் டாக்டர்' என்று வெறும் வயிற்றுச் சர்க்கரை 98 என்ற தாளை நீட்டுவார்கள். அதே இரத்தத்தில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தால் 7.4 என்று வரும். இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாள்களில் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ அதற்கேற்ப அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே போகிறது. மூன்று நாள் கஞ்சியால் மூன்று மாதக் கணக்கை அழிக்க முடியாது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரையின் வாசல், 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் எடுத்தால் 100-க்குக் கீழே இயல்பு, 126-உம் அதற்கு மேலும் நோய், இடைப்பட்டது வாசல். இந்த எண்களில் ஒன்று ஒருமுறை எல்லையைத் தாண்டியதும் முடிவு கட்டிவிடாமல் இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்வது வழக்கம். கடுமையான இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோறு, இட்லி எல்லாவற்றையும் சில நாள் நிறுத்திவிட்டுத் திடீரென்று குளுக்கோஸ் கரைத்துக் குடித்துச் செய்யும் சோதனைக்குப் போகிறவர்களுக்கு முடிவு நல்லதாக வராமல் மோசமாகவே வரக்கூடும். மாவுச்சத்தைக் கையாளும் பழக்கத்தை உடல் கொஞ்சம் மறந்துவிடுகிறது. அந்தச் சோதனைக்கு முன் மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாளும் சோதனைக்குப் போகாதீர்கள். இலையில் விழுந்த நெய்யும் பாயசமும் இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு எண்ணை ஏற்றிவிடும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்குப் போனால் போதும். தண்ணீர் குடிக்கலாம். காபி கூடாது, சர்க்கரை போடாத அரை டம்ளர் டிகிரி காபியும் கூடாது, ஏனென்றால் பாலிலும் சர்க்கரை இருக்கிறது. இதைச் சொன்னால் கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்கள் என்னைக் கோபமாகப் பார்ப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் என்பதை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். சாப்பிட்டு, கை கழுவி, பேப்பர் படித்து முடித்த நேரத்திலிருந்து அல்ல.

உங்கள் துணைவியார் பணம் கட்டியிருக்கும் பட்டியலை நான் பார்க்கவில்லை. எழுபது, எண்பது சோதனைகள் என்று விளம்பரப்படுத்தும் தொகுப்புகளில் உங்களுக்கு வேண்டியவை பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும், கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி., முழு இரத்த எண்ணிக்கை, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., இ.சி.ஜி. ஆகியவை போதும், எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தால் வயிற்று ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பைப் பார்க்கலாம். தைராய்டினால்தான் எடை கூடியது என்று வந்துவிடாதா என்று உள்ளூர ஆசைப்படுபவர்கள் உண்டு. தைராய்டு குறைந்தால் எடை சில கிலோ கூடும், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும்தான். 28 கிலோவுக்கு அது பொறுப்பேற்காது. நோய்க்குறி எதுவும் இல்லாதவருக்குப் புற்றுநோய்க் குறியீடுகள் என்று சேர்த்துவிடும் இரத்தச் சோதனைகளால் பயனைவிடக் கலக்கமே மிகுதி, அவை இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

தாளில் தடித்த எழுத்தில் ஏதாவது ஒன்று வந்தே தீரும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 'இயல்பு அளவு' என்று லேப் அச்சடிக்கும் எல்லை பெரும்பாலும் நலமாக உள்ளவர்களில் 95 சதவீதத்தினரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுகிறது. மீதி 5 சதவீதத்தினர் நலமாக இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்தால், நோயே இல்லாதவருக்கும் குறைந்தது ஒன்றாவது வெளியே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. தாள் கைக்கு வந்த இரவில் ஒவ்வொரு தடித்த எழுத்தையும் கைபேசியில் தேடிப் படித்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டாம். மொத்தத்தையும் ஒரு மருத்துவர் ஒரே பார்வையில் படிக்க வேண்டும்.

மருந்துக்கடை பி.பி.க்கு வருகிறேன். 150/96 என்பது பொருட்படுத்த வேண்டிய எண்தான், ஆனால் அது எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது. டிவிஎஸ் எக்செல்லை நிறுத்திவிட்டு வந்த வேகத்தில், நின்றபடியே, சட்டைக் கைக்கு மேலே பட்டையைச் சுற்றி எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். உங்கள் பருமனுள்ளவரின் புயத்துக்குச் சாதாரணப் பட்டை சிறியது, சிறிய பட்டை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படிய உட்கார்ந்து, பேசாமல், புயத்தை இதய மட்டத்தில் வைத்து, புய அளவுக்கேற்ற பெரிய பட்டையால் எடுக்க வேண்டும். வீட்டுக்கே ஒரு கருவி வாங்கி ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எடுத்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பு. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பதாவது வயதை ஒட்டி நான்கு ஆண்டுகள், நாள் ஒன்றுக்கு நாற்பது பேரைத் தராசில் ஏற்றி இறக்கிய நான், அந்தத் தராசில் ஒருநாளும் ஏறியதில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து முகாமில், கூட்டம் குறைந்த மதிய வேளையில், என்னுடன் வந்திருந்த செவிலியர் ஒருவர் 'சார், நீங்களும் உட்காருங்கள்' என்று பட்டையைச் சுற்றிவிட்டார். 152/96. முறைப்படி மறுபடி எடுக்கச் சொன்னேன், அப்போதும் 148. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். ஆகவே மருந்துக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிப் போகும் உங்கள் வழி எனக்கும் பழக்கமானதுதான். அந்தச் சுற்றுவழி உங்கள் அப்பாவின் திண்ணையிலிருந்து தொடங்குகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது எப்போது தெரியவந்தது, கால் எப்போது போனது என்று கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் நான் கேட்டபோதெல்லாம், ஆறாத புண்ணுக்குக் கட்டுக் கட்டப் போன இடத்தில்தான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது என்ற பதிலைத்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறேன்.

இப்போது எடைக்கும் உங்கள் தம்பிக்கும் வருவோம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. பெல்ஜியத்தின் கேட்லே என்பவர் 1830-களில் கண்ட விகிதம் இது. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இந்தப் பெயரைச் சூட்டினார். உங்களுக்கு 32.6 வருகிறது. உலக அளவுகோலில் 30-க்கு மேல் உடல் பருமன். இந்தியர்களுக்கு 23-லேயே கூடுதல் எடை தொடங்குகிறது, 25-லேயே பருமன். தம்பிக்கு 22.7 வருகிறது, ஆகவே அவர் தப்பித்துவிட்டார் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த யூட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடல் கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். கைகால் ஒல்லியாக இருந்து வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைப்பது நம் நாட்டவரின் உடல்வாகு, தராசுக்கு அது தெரியாது.

தெரிந்துகொள்ளத் தையல்காரர் டேப் ஒன்று போதும். பேண்ட் அளவு 38 என்று எழுதியிருக்கிறீர்கள். சென்ற வாரம்கூட ஒருவர் 36 என்று அடித்துச் சொன்னார். வேட்டியைத் தளர்த்தி நிற்க வைத்து அளந்தபோது 43 அங்குலம் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. தொப்பை வளர வளர வேட்டிக்கட்டும் பெல்ட்டும் அதன் அடியில் இறங்கிக்கொண்டே போகின்றன. பேண்ட் அளவு பதினைந்து ஆண்டுகள் மாறாமல் இருப்பதன் இரகசியம் அது. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல் சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் படிக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் எடை எதுவாக இருந்தாலும் சோதனை தேவை. தம்பிக்கு 90-க்கு மேல் வந்தால் நீங்கள் போகும் நாளிலேயே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது வராவிட்டாலும், அவரும் அதே அப்பாவின் மகன்தான். முப்பது வயதைக் கடந்த எவருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அவருக்குத் தொகுப்பு எதுவும் தேவையில்லை.

ஓடும் பட்டையில் நடக்கவைத்து இ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில் சோதனை பற்றிக் கேட்டீர்கள். தொல்லை எதுவும் இல்லாதவர் தொகுப்பில் இருக்கிறது என்பதற்காக அதைச் செய்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் நிலை வேறு. நெஞ்சில் பாரம் இருப்பதால் உங்களுக்கு அது தேவைப்படலாம், அல்லது அதையும் தாண்டி வேறு சோதனை தேவைப்படலாம். அதை நேரில் பார்க்கும் இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், லேபின் தொகுப்பில் மருத்துவர் பார்க்காமல் ஏறிவிடக்கூடாது. ஆபத்து உண்டா என்றால், உண்டு. இச்சோதனையால் மரணம் நேர்வது பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஏறுவதற்கு முன்பே இ.சி.ஜி.யும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் பார்த்து, ஏற்றக்கூடாதவர்களைக் கழித்துவிடுவதாலும், மார்பில் ஒட்டிய கம்பிகள் திரையில் காட்டுவதைப் பார்த்தபடி ஒரு மருத்துவர் பக்கத்திலேயே நிற்பதாலும் அந்த எண் அவ்வளவு சிறியதாக இருக்கிறது. கிடங்கு மாடிப்படியில் நீங்கள் தனியாகச் செய்துகொண்டிருக்கும் சோதனைக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது.

நம் பகுதிக்கு அந்தக் கருவி ஒரு புதுமையான விஷயத்தைச் செய்துகாட்டுகிறது. காவிரிப் படுகை மேடு பள்ளம் அறியாத பூமி. தஞ்சாவூரிலிருந்து கடற்கரை வரை நிலம் மொத்தமாகவே ஏறத்தாழ 60 மீட்டர்தான் சரிகிறது. மலைப்பகுதியில் இருப்பவருக்கு மூச்சுத் திணறல் நாற்பது வயதில் கடைத்தெருவுக்கு ஏறும்போதே தெரிந்துவிடும். நமக்கு ஆற்றங்கரை ஏற்றம், கோயில் படி, வீட்டு மாடி தவிர ஏறுவதற்கு ஒன்றுமே இல்லை. அதுவும் மோட்டார் சைக்கிள் வந்த பிறகு ஆற்றங்கரையும் போயிற்று. எனவே உடலின் தாங்கும் திறன் குறைந்துகொண்டே வருவது பல ஆண்டுகள் நமக்குத் தெரிவதே இல்லை. 'நான் சமதளத்தில் நாலு கிலோமீட்டர் நடப்பேன் டாக்டர்' என்று சொல்வதில் பெருமைப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை. டிரெட்மில்லின் முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம்தான், கோயில் பிரகாரம் சுற்றும் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் தரை பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுகிறது. அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், சரிவு 12 சதவீதம். மூன்றாவது கட்டத்தில் 5.5 கிலோமீட்டர், சரிவு 14 சதவீதம். இந்த ஒன்பது நிமிடத்தை முடித்தவர் ஏறத்தாழ 76 மீட்டர் உயரம் ஏறியிருப்பார். பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது 66 மீட்டர். உங்கள் வயதில் தொல்லையின்றி இதை முடிப்பவரின் தாங்கும் திறன் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். நான்கு நிமிடத்திலேயே நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மருத்துவருக்கு வேண்டிய செய்தியே அதுதான். சோதனைக்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போங்கள். இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியிருந்தால் அன்று காலை அதைச் சாப்பிடலாமா என்று முன்பே கேளுங்கள். பேண்டும் ஷூவும் போட்டுக்கொண்டு போங்கள். வேட்டியோடு வந்து பெல்ட் மேல் நின்ற ஒருவரைத் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு இருக்கிறது.

இறுதியாக, எவ்வளவு இளைக்க வேண்டும் என்பது. பதினைந்து கிலோவை மூன்று மாதத்தில் குறைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சர்க்கரையின் வாசலில் நின்றவர்களுக்கு எடையில் 7 சதவீதம் குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலுக்கு வேலை கொடுக்கவும் இலக்கு வைத்தபோது, நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்பது ஆறரைக் கிலோ. 2006-இல் சென்னையைச் சேர்ந்த ராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட இந்திய ஆய்வில் எடை சொல்லும்படி குறையவே இல்லை. இருந்தும் உணவையும் நடமாட்டத்தையும் மாற்றியவர்களிடம் சர்க்கரை நோய் 28.5 சதவீதம் குறைந்தது. தராசு அசையவில்லை என்பதற்காக முயற்சியைக் கைவிடுபவர்களுக்கு இந்த இரண்டாவது ஆய்வை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

டெல்டாக்காரரிடம் அரிசியை நிறுத்து என்று நான் சொல்வதில்லை. நிறுத்தியவர்கள் நாற்பதாவது நாள் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறார்கள். இலையில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் பயறும் வரட்டும். குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் வழக்கத்தில் ஒன்றை விட்டாலே கணக்கு மாறும். கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் நல்லவைதான், ஆனால் அவையும் அரிசிதான், இரண்டு தட்டுச் சாப்பிட்டால் இரண்டு தட்டுக்கான சர்க்கரை ஏறத்தான் செய்யும். சோற்றுக்கு முன்பே உங்கள் கடை மேசையைப் பார்க்க வேண்டும். வருகிற ஒவ்வொரு விவசாயிக்கும் டீ சொல்லி, உடன் நீங்களும் குடிப்பது தொழில் மரியாதை என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை என்றால் 60 கிராம்; மாதத்துக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்கும் கூடுதல். டீயைச் சொல்லுங்கள், உங்களுடையதில் சர்க்கரை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதய மருத்துவர் அனுமதித்த பிறகு நடக்கத் தொடங்குங்கள். திருவாரூருக்கு உரம் எடுக்க வரும் நாள்களில் கமலாலயக் குளத்தின் நான்கு கரைகளையும் ஒருமுறை சுற்றினாலே கால் மணி நேரத்துக்குக் குறையாது. நெஞ்சில் பாரம் மறுபடி தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

உங்கள் தராசைப் பற்றி ஒரு வார்த்தை. முத்திரை வைத்த வணிகத் தராசு என்பதால் என் அறையில் இருப்பதைவிட அது நம்பகமானதாக இருக்கலாம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் கடை திறந்தவுடன், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, எண்ணைக் கடைக் கணக்கு நோட்டிலேயே ஒரு ஓரத்தில் தேதியோடு எழுதி வாருங்கள். டேப் அளவை மாதம் ஒருமுறை பக்கத்தில் எழுதலாம். ஏறும் நேரத்தில் கடைப்பையனை டீ வாங்க அனுப்ப வேண்டாம். அவன் நின்று எண்ணைப் படிக்கட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.